பூஜைப் பூவுல வீட்டிலேயே தூபம்: செய்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பூஜைக்குப் போட்ட பூவைக் காயவெச்சு தூபம் செய்யப் போறீங்களா? முதல்ல அதுல அரளி இருக்கான்னு பாருங்க. அரளியை எரித்தால் வரும் புகையிலும் நச்சு உண்டு. ரோஜா, சாமந்தி போதும்.

அளவு சிம்பிள். பூத்தூளும் வெட்டிவேர்த் தூளும் சேர்த்து 4 ஸ்பூன், ஜிகட் தூள் 2 ஸ்பூன், பிசின் தூள் 1 ஸ்பூன். ஜிகட் என்பது மரப்பட்டைத் தூள். ஈரம் பட்டால் பசையாகும், ஊதுபத்தித் தொழிலில் ஒட்டவைப்பதே இதுதான். வாசனைக்கு ஆசைப்பட்டு பிசினை அதிகமாக்கினால் உருகி, பாதியிலேயே அணைஞ்சுடும். பிசினை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வெச்சு அரைங்க, மிக்ஸி ஜார் தப்பிக்கும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, ஒல்லியான கூம்பாக உருட்டி, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்க. வெயிலில் வெச்சா வெடிச்சுடும்.

எந்தப் பிசின்? நம்ம சாம்பிராணி சுமத்ரா பக்கத்து மரத்திலிருந்து வருவது. சால் மரத்துக் குங்கிலியமும் நல்லது. குக்குலு மட்டும் வேண்டாமே. ராஜஸ்தான், குஜராத் வறண்ட நிலங்களில் வளரும் அந்தச் செடியை, பிசினுக்காக ஆழமாகக் கீறியே சாகடித்துவிட்டார்கள்; அழிவின் விளிம்பில் உள்ளவை பட்டியலில் இருக்கு.

இயற்கைன்னாலும் புகை புகைதான், பிஎம் 2.5 துகள்கள் இதிலும் உண்டு. ஏசி போட்டு மூடிய அறையில் ஏத்தாதீங்க. வீட்டில் ஆஸ்துமா உள்ளவங்களோ கைக்குழந்தையோ இருந்தால், பால்கனியில்கூட வேண்டாம்.