கள்ளியில் கிடைத்த சிப்பி

முத்துக்குளித்துறையில் சிப்பி என்றால் ஒரு காலத்தில் மூச்சடக்கி, மூழ்கி எடுத்தது. கடலை விட்டு உள்ளே வந்து, பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கீற்றுக்கொட்டகை போட்டு, ஈரச்சாக்கு கட்டி, அவித்த வைக்கோலில் வளர்த்தால் கிடைப்பதும் சிப்பிதான். சிப்பிக்காளான்! காம்பு ஓரமாக ஒதுங்க, மடல் ஒருபக்கமாக விரிந்து நிற்கும் அழகுக்கு வைத்த பெயர்.

அந்தப் பெயருக்கு முதல் உரிமைக்காரி ஐரோப்பாவில் இருக்கிறாள். 'புளூரோட்டஸ் ஆஸ்ட்ரியேட்டஸ்' என்ற லத்தீன் பெயரின் பின்பாதிக்குச் சிப்பி போன்றது என்று பொருள். 1917-இல் ஜெர்மனியில் ஃபால்க் என்ற ஆய்வாளர் அதை வெட்டுமரக் கட்டைகளில் வளர்த்துக் காட்டினார். ஆனால் அது குளிருக்குப் பிறந்தது. காற்றில் குளுமை இறங்கினால்தான் மொட்டு விடும்.

நம் கொட்டகைக்கு வந்தது அதன் தங்கை. இமயமலை அடிவாரத்தில், பட்டுப்போன கள்ளித்தண்டில் முளைத்திருந்ததை எடுத்து வளர்த்து, 1974-இல் உலகுக்குச் சொன்னவர் காளான் ஆய்வாளர் ஜண்டாய்க். அதை அவர் 'சஜோர் காஜு' என்று அடையாளம் கண்டார். அது இந்தோனேசியாவின் அம்போன் தீவில் தாவர ஆய்வாளர் ரம்ஃபியஸ் 17-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த மலாய்ப் பெயர். 'சாயூர்' என்றால் கறிகாய், 'காயு' என்றால் மரம். நம் வாயில் சொன்னால் மரக்கறி!

பெயர் இனித்தது, ஆள்தான் மாறிப்போனது. அசல் சஜோர் காஜு தோல்போல் விறைத்தது, காம்பில் வளையம் போட்டது. கள்ளிக்காளானுக்கு வளையமே இல்லை.

அப்படியானால் இது யார்? நிறத்தை நம்ப முடியாது. வெப்பமும் வெளிச்சமும் மாறினால் அதுவும் மாறும். அதனால் ஒற்றை வித்துத்தூளிலிருந்து வளர்ந்த இழையை, இன்னொரு காளானின் இழையோடு ஒரே தட்டில் விட்டுப் பார்த்தார்கள். ஒரே இனமென்றால் இரண்டும் இணையும். இணைந்த இழையின் கணுவில் சின்னக் கொக்கி தெரியும். ஆஸ்ட்ரியேட்டஸோடு இது சேரவில்லை. 'புல்மொனேரியஸ்' இனத்தோடு சேர்ந்தது. அந்தப் பெயருக்கு நுரையீரல் சார்ந்தது என்று பொருள். காளான் ஆய்வாளர் ஃப்ரீஸ் 1821-லேயே விவரித்துவிட்ட இனம் அது.

இது பண்டிதர்களின் பெயர்ச் சண்டை மட்டுமல்ல. அக்காளை வைக்கோல் பையில் கொண்டுவந்து தொங்கவிட்டால், குளிர் தேடியே பை வீணாகும். தங்கையோ 25 டிகிரி வெப்பத்திலும் மடல் விரிப்பாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பை தொங்கவிடுகிற கரிசல்காட்டு வீட்டுக்கு அந்தச் சில டிகிரிதான் லாபம்.

வெண்ணிழை படர்ந்த சோளமணிகளை வித்தாக வாங்கும்போது, இன்றைக்கும் 'சஜோர் காஜு' என்றே கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் எந்த வெப்பத்தில் மொட்டு விடும் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கள்ளியில் பிறந்தவளை அடையாளம் காட்டுவது அந்தக் கேள்விதான்.