உலமாவின் குரல்

திகனவில் இரவு தங்கும்போதெல்லாம் யாராவது எனக்கு உலமாவின் கதையைச் சொல்லிவிடுவார்கள். மார்க்க அறிஞரைக் குறிக்கும் சொல் அல்ல இது. சிங்களக் கிராமங்கள் அஞ்சுகின்ற பேய்ப்பறவையின் பெயர். மனைவிமேல் ஐயங்கொண்ட கணவன், குழந்தையைக் கொன்று கறியாக்கி அவளுக்கே பரிமாறினான். கறியில் சின்ன விரலைக் கண்ட தாய் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடினாள், அவளே அப்பறவையானாள். அதன் ஓலம் கேட்டால் சாவு வரும் என்பர். அது பெரியதொரு காட்டாந்தையின் குரல் என்பது பறவையியலாளர் பலரின் முடிவு.

கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தமது நூலில், மலைநாட்டு இரவுகளில் தாமே கேட்ட பேய்க்குரலைப் பற்றி எழுதினார். நாய் குரைப்பது போன்ற கூரிய குரல். எவருக்கும் அது தீங்கு செய்ததில்லை. ஆனால், அது கேட்கும் காலத்தையொட்டி அரசன் ஆட்களைக் கொல்வித்தான் என்கிறார். அவ்வரசன் இரண்டாம் இராஜசிங்கன். 1664 கிளர்ச்சியின் பின் அவன் வாழ்ந்த ஹங்குரான்கெத்த, திகனவிலிருந்து மகாவலிக்கு அப்பால்தான் இருக்கிறது.

கதையில் கொன்றவன் கணவன். வரலாற்றில் கொன்றவன் அரசன். பழியைச் சுமந்ததோ ஒரு பறவை.

2018 மார்ச்சில் இதே திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டில் ஓர் இளைஞர் மாண்டார். அதற்குப் பழி சுமத்த எந்தப் பறவையும் இருக்கவில்லை. உலமாவின் கதையை இப்போது கேட்கும்போது, காட்டை விட ஊரைத்தான் நான் அச்சத்தோடு பார்க்கிறேன்.