செக்கில் மிஞ்சியது

காஞ்சியின் கோயில் விளக்குகளைப் பற்றி எழுதியோர் பலர். விளக்குக்கு எண்ணெய் போனபின் செக்கில் மிஞ்சியது எங்கே போயிற்று என்று கேட்டோர் சிலரே. அச்சிறு கேள்வியின் பின்னே சற்றுத் தொலைவு செல்ல விழைகிறோம்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைக் கொடையாக விடும் வழக்கம் பெரிதும் காணப்படுகிறது. 'சாவா மூவாப் பேராடு' என்பது அவற்றின் பெயர். சாகும் ஆட்டுக்குப் பிறக்கும் குட்டி ஈடு என்பது கணக்கு. எண்ணெய் வணிகரைச் 'சங்கரப்பாடியார்' என்று அக்கல்வெட்டுகள் குறிக்கும். செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெய் ஒருபுறம், பிண்ணாக்கு ஒருபுறம். எண்ணெய் விளக்குக்கும் அடுப்படிக்கும், பிண்ணாக்கு மாட்டுக்கு. செக்கைச் சுற்றியதும் மாடுதானே!

பட்டுப் பாவுக்குக் கஞ்சியிட்டு வெயிலில் உலர்த்தும் நெசவாளர் தெருக்களிலும் கொல்லையில் கழுநீர்ப் பானை இருந்தது. அரிசி களைந்த நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், ஊறிய பிண்ணாக்கு ஆகிய யாவும் அதில் சேர்ந்து ஓரிரவில் இலேசாகப் புளிக்கும். மாடு அதை உறிஞ்சிக் குடிக்கும் ஓசை தெருவுக்கே கேட்கும். நம் பாட்டிமார் அறிவியல் படித்தவர்கள் அல்லர். ஆயினும் அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையே ஒரு புளிக்கும் பானை என்பதை அவர்களின் பழக்கம் அறிந்திருந்தது. வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான சத்தைப் பிண்ணாக்கு தருகிறது. கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40 பங்குக்கும் மேல்.

திருமறையில் நாம் அடிக்கடி காணும் ஒலிவ மரம் நம் ஊரில் விளைவதில்லை. அது விளையும் நாட்டில் என்ன செய்தார்கள்? கி.மு. 160 அளவில் உரோமையர் கேட்டோ எழுதிய வேளாண் நூலில் விடை இருக்கிறது. ஒலிவம் பிழிந்தபின் எஞ்சும் கரிய நீரைத் தீவனத்தின்மேல் தெளியுங்கள். பழகும்வரை சிறிது, பின்னர் மிகுதி. தண்ணீரில் கலந்தும் எப்போதாவது குடிக்கக் கொடுங்கள் என்கிறார். இன்றோ அந்நாடுகளில் ஒலிவச் சக்கையைத் தவிடு முதலியவற்றுடன் கலந்து, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துத் தீவனமாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. சக்கையிலுள்ள எண்ணெய் விரைவில் சிக்கெடுத்துவிடும் என்பதே காரணம்.

ஒலிவத்துக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. அது அத்துணை இனியதன்று. பிரான்சின் மர்செய் நகரச் சவர்க்காரம் ஒலிவ எண்ணெயால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்று 1688இல் அரசாணை பிறந்தது. 19ஆம் நூற்றாண்டில் அவ்வாலைகள் மலிவான எண்ணெய் தேடின. தென்னார்க்காட்டுப் பக்கத்து மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி மர்செய் சென்றது. எண்ணெயாக அன்று, வித்தாகவே சென்றது. ஆதலால் பிண்ணாக்கும் உடன் சென்றது. நம் மாட்டின் பங்கு அயல்நாட்டுத் தொழுவங்களுக்கும் வயல்களுக்கும் உரியதாயிற்று. விலை கிடைத்தது உண்மை. உழவனின் கையில் காசு புரண்டதும் உண்மை. ஆனால் மாடு உண்ணாதது எருவாகவும் திரும்பவில்லை. அரசின் அழைப்பில் 1889இல் இந்தியா வந்த வேளாண் வேதியியலார் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், 1893இல் வெளியான தம் அறிக்கையில், எண்ணெய் வித்து ஏற்றுமதியால் மண்ணின் வளம் வெளியேறுவதைச் சுட்டிக்காட்டினார். எண்ணெய் போகட்டும், சக்கை நிற்கட்டும் என்னும் போக்கில் அமைந்த அவருடைய கருத்து, செக்காட்டிகளுக்குப் புதிதன்று.

பழையதெல்லாம் குற்றமற்றது என்றும் நாம் சொல்லவில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அப்ளாடாக்சின் என்னும் அந்நஞ்சு பசு தின்றால் பாலிலும் இறங்கும். ஈரப் பிண்ணாக்கை மூட்டையில் கட்டிவைக்கும் வீடுகளில் இதை இன்றும் நினைவூட்ட வேண்டியுள்ளது. புளிப்பு வேறு, பூஞ்சணம் வேறு.

காஞ்சித் தெருக்களில் இன்றும் மாடுகள் நடமாடுகின்றன. ஆனால் குக்கரில் வெந்த சோற்றில் வடிப்பதற்குக் கஞ்சி இல்லை. கடைப் பிண்ணாக்கிலோ, ஆலைகள் எண்ணெயை வேதிக் கரைப்பானால் முழுதும் எடுத்துவிட்டதால், நூற்றுக்கு ஒரு பங்கு எண்ணெய்கூடத் தங்குவது அரிது. செக்கில் மிஞ்சிய பிண்ணாக்கிலோ ஏழெட்டுப் பங்கு இருந்தது.