விதியா, பயிற்சியா? ஸ்பேமை வடிகட்டும் இரு வழிகள்

வேண்டாத மின்னஞ்சலை வடிகட்ட இரண்டு முறைகள் நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, 2001இல் ஜஸ்டின் மேசன் வெளியிட்ட ஸ்பேம்அசாசின் மூலம் பரவிய விதிமுறை வடிகட்டல். மற்றது, 2002 ஆகஸ்டில் பால் கிரஹாம் எழுதிய கட்டுரையால் பெயர்பெற்ற பேய்சியன் வடிகட்டல். எது மேல் என்று பார்க்கும்போது, பிடிபட்ட ஸ்பேமை எண்ணுவதைவிடத் தவறாகச் சிக்கிய நல்ல மடல்களை எண்ணுவதே சரி. தப்பி வந்த ஸ்பேமை ஒரு நொடியில் அழித்துவிடலாம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஸ்பேம் பெட்டிக்குள் கிடந்தால் வேலையே கைநழுவிவிடும்.

ஸ்பேம்அசாசின் ஒவ்வொரு மடலையும் பல விதிகளால் சோதிக்கிறது. பொருள்வரி முழுக்கப் பெரிய எழுத்தா? அனுப்பிய தேதி எதிர்காலத்தில் இருக்கிறதா? பொருந்தும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண். கூட்டினால் 5 வந்துவிட்டால் ஸ்பேம். நிறுவிய அன்றே வேலை செய்யும். எந்தெந்த விதியில் மடல் மாட்டியது என்பதையும் பதிந்து வைக்கும். ஆனால் விதிகள் எல்லார் கண்ணிலும் படுபவை. ஸ்பேம் அனுப்புகிறவரும் தன் மடலை அதில் ஓட்டிப் பார்த்து, 5க்குக் கீழே இறங்கும்வரை திருத்தலாம்.

பேய்சியன் முறையில் விதியை யாரும் எழுத வேண்டியதில்லை. உங்கள் ஸ்பேமையும் நல்ல மடல்களையும் தனித்தனியே கொடுத்தால், எந்தச் சொல் எங்கே அதிகம் வருகிறது என்று அதுவே கணக்கிடும். கிரஹாமின் வடிகட்டி, ஒரு மடலில் சார்பு தெளிவாகத் தெரியும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டது. பளிச்சென்ற சிவப்பு நிறத்துக்கான எச்டிஎம்எல் குறியீடே வலுவான ஸ்பேம் அடையாளம் என்று அது கண்டுகொண்டது. விதி எழுதுகிறவருக்கு எளிதில் தோன்றாத ஒன்று. நல்ல மடல் சிக்கிவிடக் கூடாது என்று, அதில் வரும் சொற்களை கிரஹாம் இரட்டிப்பாக எண்ணினார். கடன், வட்டி என்ற சொற்கள் வங்கி ஊழியருக்கு அன்றாடப் பேச்சு. அவருடைய வடிகட்டி அதைக் கற்றுக்கொள்ளும்.

அதற்குப் பொறுமை வேண்டும். ஸ்பேம்அசாசினில் பின்னர் சேர்ந்த பேய்சியன் பகுதி, இயல்பு அமைப்பில் 200 ஸ்பேமும் 200 நல்ல மடலும் கண்ட பிறகே மதிப்பெண் தரும். சலித்துப்போன செய்திமடலையெல்லாம் ஸ்பேம் என்று குறித்தால் தவறாகவே கற்கும்.

பலர் பயன்படுத்தும் அலுவலக சர்வரில் விதிகளோடு தொடங்கி, பேய்சியன் மதிப்பெண்ணையும் சேர்ப்பது நல்லது. தனிநபருக்குப் பயிற்சி முறையே ஏற்றது. எதுவானாலும், சிக்கிய மடலை உடனே அழிக்கும்படி அமைக்காதீர்கள்; ஸ்பேம் பெட்டியை வாரம் ஒருமுறையாவது திறந்து பாருங்கள்.