அசெம்பிள்டு கணினிகளின் பழுதும் பொருத்தமின்மையும்: கூடலூர் நிலவரம்

மதர்போர்டு, பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி), எஸ்எஸ்டி, கேபினட் ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலோ கடையிலோ பூட்டிக்கொள்ளும் மேசைக் கணினியே அசெம்பிள்டு கணினி. முழுமையான கணினியை விற்கும் நிறுவனம் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று சோதித்த பிறகே பெட்டியை மூடுகிறது. அசெம்பிள்டு கணினியில் அந்தப் பொறுப்பு பூட்டுபவரைச் சேர்கிறது. நீலகிரியின் மேற்குச் சரிவில் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூரில் இந்தப் பொறுப்பின் பாரம் இன்னும் கூடுதல். உதிரிபாகச் சந்தை உள்ள கோவை, மைசூரு, கோழிக்கோடு என எந்த ஊருக்குப் போவதென்றாலும் மலைப்பாதையையோ காட்டுச் சாலையையோ கடந்தாக வேண்டும். மைசூரு சாலை முதுமலை, பந்திப்பூர் காடுகளின் வழியே செல்கிறது. பந்திப்பூரில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. பொருந்தாத ரேம் ஒன்றை மாற்றிவர ஒரு நாள் முழுதும் போய்விடும்.

கணினி அடிக்கடி நின்றுபோனால் வைரஸையும் விண்டோஸையும் சந்தேகிப்பதும், உடனே ‘ஃபார்மட் போடுவதும்’ எல்லா ஊர்களிலும் உள்ள வழக்கம். கூடலூர், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, ஓவேலி பகுதிகளுக்கு இந்த வரிசை தலைகீழானது. இங்கே முதலில் பார்க்க வேண்டியது மின்சாரம், அடுத்து ஈரம், பிறகு பாகங்களின் பொருத்தம், கடைசியில்தான் மென்பொருள். முதலிலேயே ஃபார்மட் செய்துவிட்டால், பழுதைக் காட்டிக்கொடுக்கும் பதிவுகளும் அதோடு அழிந்துபோகும்.

மின்சாரம்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். ஆனால் வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்தக் கம்பிகள் தேயிலைத் தோட்டங்களையும் காட்டையும் கடந்து நெடுந்தூரம் வருகின்றன. தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்கிறது, கிளை உரசுகிறது, சில நேரம் யானை கம்பத்தைத் தள்ளிவிடுகிறது. மின்சாரம் ஒரேயடியாகப் போனால் கணினிக்குப் பெரிய கேடில்லை. ஒரு விநாடிக்கும் குறைவாக அறுந்து அறுந்து வருவதுதான் கேடு.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய மின்தேக்கி, மின்சாரம் அறுந்த பிறகும் சிறிது நேரம் கணினியைத் தாங்கும். ஏடிஎக்ஸ் வடிவமைப்பு விதிகள் முழுச் சுமையில் இதற்கு 16 மில்லி விநாடி அளவை எதிர்பார்த்தன. இந்திய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. ஆகவே ஒரே ஒரு சுற்று தவறினாலும், முழுச் சுமையில் ஓடும் கணினி மறுபடி பூட் ஆகிவிடலாம். விளக்கு இலேசாகச் சிமிட்டியதைக்கூட யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்; ‘தானா ரீஸ்டார்ட் ஆகுது’ என்ற புகார் மட்டும் கடைக்கு வந்து சேரும்.

யுபிஎஸ் வாங்கிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று பலரும் நம்புகிறார்கள். இரண்டு இடங்களில் இந்த நம்பிக்கை தவறுகிறது. முதலாவது அலைவடிவம். மலிவான யுபிஎஸ்களும் இன்வெர்ட்டர்களும் பேட்டரியில் ஓடும்போது சைன் அலையைத் தருவதில்லை. சதுர அலையையோ அதற்கு நெருங்கியதையோ தருகின்றன. இன்றைய தரமான எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி (மின்திறன் காரணியைத் திருத்தும்) சுற்று சைன் அலையை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. சதுர அலை வந்ததும் சில எஸ்எம்பிஎஸ்கள் அணைந்துவிடும், சில யுபிஎஸ்கள் மிகைச்சுமை என்று கத்தும். பழைய மட்டமான எஸ்எம்பிஎஸ்ஸில் ஒழுங்காக ஓடிய யுபிஎஸ், நல்லதாக மாற்றிய அன்றே தகராறு செய்வதற்கு இதுவே காரணம். புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் குறையில்லை. அதற்குச் சைன் அலை யுபிஎஸ் வேண்டும். இரண்டாவது கொள்ளளவு. கடைகளில் அதிகம் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தரக்கூடியது 360 வாட் அளவுதான். கிராபிக்ஸ் கார்டு பூட்டிய கணினியில் விளையாட்டு ஓடும்போது மின்சாரம் போனால் அது தாங்காது.

கூடலூர் வட்டத்துக்கே உரிய இன்னொரு நிலைமையும் உண்டு. 1969ஆம் ஆண்டின் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவின் கீழ் வரும் நிலங்களின் உரிமைச் சிக்கல் தீராமல் கிடந்ததால், அங்குள்ள வீடுகளுக்கு மின் இணைப்பு ஆண்டுக்கணக்கில் மறுக்கப்பட்டது. சூரியத் தகட்டையும் சிறிய இன்வெர்ட்டரையும் நம்பியிருக்கும் வீட்டில் படிக்கும் பிள்ளைக்காகக் கணினி பூட்டுபவர்கள், பிராசசரைத் தேர்வதற்கு முன்பு இன்வெர்ட்டரின் அலைவடிவத்தைக் கேட்டறிய வேண்டும். அங்கே தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, குறைந்த வாட் பிராசசரே சரியான தேர்வு.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று இருந்தால் வீட்டில் எர்த் இல்லை என்று பொருள். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் வழியாகச் சிறு மின்னோட்டம் உலோகப் பெட்டிக்கு வருவது இயல்பு; அதை மண்ணுக்குக் கொண்டுசெல்லும் கம்பி இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் யுஎஸ்பி கருவிகள் தொடர்பறுவதும் ஹெச்டிஎம்ஐ செருகும்போது திரை போவதும் நடக்கும். கோடை இடியின்போது மின் செருகியைக் கழற்றுபவர்கள் இணைய கேபிளை மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து செப்புக் கம்பி வழியாக இணைப்பு வரும் வீடுகளில், மின்னல் அதன் வழியே வந்து மதர்போர்டின் நெட்வொர்க் சிப்பைக் கொன்றுவிடும்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெட்டியின் மீது பெரிதாக அச்சிட்ட வாட்டைப் பார்த்துப் பயனில்லை. பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் தடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். ‘450’ என்று போட்ட பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 15 ஆம்பியர் என்று இருந்தால், பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது 180 வாட் மட்டுமே.

ஈரம்

தமிழ்நாட்டில் மிக அதிகம் மழை பெறும் இடங்களில் தேவாலாவும் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரிலும் துணியிலும் பூஞ்சை பிடிக்கிற அதே காற்றுதான் கேபினட்டுக்குள்ளும் சுழல்கிறது. ரேமின் தொடுமுனைகளுக்கு மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. ஆனாலும் அந்தப் பூச்சின் நுண்துளைகள் வழியாகவும், மலிவான பலகைகளின் ஸ்லாட் முனைகளிலும் அரிப்பு ஏறுகிறது. மழைக்காலத்தில் ‘ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரல’ என்று வரும் கணினியில் ரேமைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகியதும் உயிர் வருவது இதனால்தான். பென்சில் ரப்பரால் தேய்ப்பது பழகிப்போன வைத்தியம்; அவசரத்துக்கு உதவும். அடிக்கடி செய்தால் தங்கப் பூச்சே தேய்ந்துவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சே பாதுகாப்பானது.

உலர்ந்த தூசி மின்சாரத்தைக் கடத்தாது. ஈரம் உறிஞ்சிய தூசி ஓரளவு கடத்தும். ஆகவே மழை தொடங்குவதற்கு முன்பு, மே மாதத்திலேயே கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்வது இந்த ஊருக்குப் பொருத்தம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்து வைப்பதைவிடத் தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது மேல். உள்ளே எழும் சூடு ஈரத்தைத் தள்ளி வைக்கும். குளிர்ந்த ஊட்டியிலிருந்து கொண்டுவந்த பாகத்தை, கூடலூரின் வெதுவெதுப்பான ஈரக்காற்றில் உடனே பிரித்தால் உலோகத்தின் மீது நீர் பூக்கும். பெட்டியோடு சில மணிநேரம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

மதர்போர்டின் சிஆர்2032 செல் தீர்ந்துபோனால் கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று திறக்க மறுக்கும். இணைய இணைப்பைக் குறைசொல்வதற்கு முன் திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பார்த்துவிடலாம்.

பொருத்தம்

சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்பது மிகப் பரவலான தவறான எண்ணம். இன்டெலின் ஆறாம், ஏழாம் தலைமுறைகளும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையும் எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருடைய சாக்கெட்டில் உட்காரும். ஆனால் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை மதர்போர்டு வேண்டும், 200 வரிசையில் அது இயங்காது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் நெடுங்காலம் நீடித்தது பயனருக்குக் கிடைத்த பெரிய நன்மை. எனினும் பழைய பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) உள்ள பி450 பலகையில் ரைசன் 5000 வரிசை பிராசசரைப் போட்டால் திரை வராது. கடையிலேயே பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்வதே வழி. 2022இல் வந்த ஏஎம்5க்கு டிடிஆர்5 ரேம் மட்டுமே. இன்டெலின் எல்ஜிஏ 1700 பலகைகளில் சில டிடிஆர்4, சில டிடிஆர்5. இரண்டின் வெட்டுக்கீற்றும் வேறிடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவே முடியாது.

‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசசர்களில், உதாரணமாக ஐ5-12400எஃப்பில், உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. விலை குறைவு என்று இதை வாங்கி, கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பூட்டினால் திரை எப்போதும் கறுப்பாகவே இருக்கும். எதுவும் பழுதாகியிருக்காது. கார்டு இருந்தும் ஹெச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகினாலும் இதே நிலைதான். எம்.2 ஸ்லாட்டுகளில் சில சாட்டா வகை எஸ்எஸ்டியை ஏற்கும், சில என்விஎம்இ வகையை மட்டும் ஏற்கும். சில பலகைகளில் எம்.2வில் எஸ்எஸ்டியைச் செருகினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும்.

வெவ்வேறு காலத்தில் வாங்கிய இரண்டு ரேம்களைச் சேர்ப்பதில் தனிக் கவனம் வேண்டும். தனித்தனியே நன்றாக ஓடுபவை சேர்ந்து ஓடும்போது பிழை விடலாம், அதுவும் ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பில். எக்ஸ்எம்பியை அணைத்ததும் பழுது மறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

பிழைச் செய்தி திசை திருப்பும்போது

இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை உயர்வகை மேசைக் கணினி பிராசசர்கள் பலருக்கும் காரணம் தெரியாமல் நின்றுபோயின. சில விளையாட்டுகள் ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று செய்தி காட்டின. கிராபிக்ஸ் கார்டை மாற்றியும் தீரவில்லை. குறை பிராசசரில் இருந்தது: அதன் மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, சிப்பை மெல்ல மெல்லக் கெடுத்தது. 2024 ஜூலையில் இன்டெல் இதை அறிவித்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன. உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே கெட்ட சிப்பை எந்தத் திருத்தமும் மீட்காது. இவ்வகைப் பிராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸ் புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

சோதிக்கும் முறை

முன்னறிவிப்பின்றி அணைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ மின்சாரத்தையும் சூட்டையும் பார்க்க வேண்டும். நீலத்திரை வந்தால் இயங்குதளம் ஏதோ பிழையைக் கண்டுபிடித்திருக்கிறது. அந்தக் குறியீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்ற பதிவைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் கெட்டுவிட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். முறையாக அணைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவு எதுவும் சொல்வதில்லை. டபிள்யூஎச்இஏ-லாகர் (WHEA-Logger) என்ற பதிவு அதனோடு இருந்தால் வன்பொருளில் குறை என்பதற்கு வலுவான தடயம்.

டிஸ்ப்ளே வராத கணினியில் பிராசசர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் மட்டும் (‘எஃப்’ வகைப் பிராசசரானால் கிராபிக்ஸ் கார்டும்) வைத்துத் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ரேம் ஐயத்துக்கு, 1994இல் கிறிஸ் பிரேடி எழுதிய மெம்டெஸ்ட்86 இன்றும் சிறந்த கருவி. பென் டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுதும் ஓடவிட வேண்டும்; ஒரு பிழை வந்தாலும் அந்த அமைப்பை நம்பக் கூடாது. கூடலூரில் அந்த இரவில் மின்சாரம் நிலையாக இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பழைய கணினிகள்

2011இல் வந்த எச்61 சிப்செட் பலகைகளும் மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர்களும் மலிவு விலையில் இன்னும் விற்கப்படுகின்றன. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. குறுக்குவழியில் நிறுவிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் தொடரும் என்ற உறுதி இல்லை. அத்தகைய கணினிக்கு லினக்ஸ் நேர்மையான மாற்று. டிடிபி கடைகளின் நிலை வேறு. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது என்பதால், பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளின் இன்ஸ்டாலர் புதிய கணினியில் திறக்காமல் போகலாம். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து அந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அசெம்பிள்டு கணினிக்கு ஒட்டுமொத்த உத்தரவாதம் கிடையாது. ஒவ்வொரு பாகத்துக்கும் அதைத் தயாரித்த நிறுவனமே பொறுப்பு. பில்லில் ‘சிபியு செட்’ என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் வழக்கத்தைக் கடைக்காரர்கள் கைவிட வேண்டும். பாகத்தின் முழுப்பெயர், சீரியல் எண், பூட்டிய நாளில் இருந்த பயாஸ் பதிப்பு ஆகிய மூன்றையும் வாங்குபவர்கள் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.