எழுதினால் ஆபத்து

1993 ஜூலையில் விண்டோஸ் என்.டி. 3.1 வெளிவந்தது. கூடவே என்.டி.எஃப்.எஸ். என்ற புதிய கோப்பு முறையும் பிறந்தது. எந்தக் கோப்பு வட்டில் எங்கே இருக்கிறது, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு, பாதியில் மின்சாரம் போனால் எப்படி மீட்பது என எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு இருந்தது. அந்தக் கணக்கை எழுதும் முறையை மட்டும் மைக்ரோசாப்ட் வெளியிடவில்லை.

1995இல் மார்ட்டின் ஃபான் லோவிஸ் என்ற ஜெர்மானியர் லினக்ஸுக்காக அதைத் துருவத் தொடங்கினார். வட்டில் கிடந்த பைட்டுகளைப் பார்த்துப் பார்த்தே அமைப்பை ஊகிக்க வேண்டியிருந்தது. வாசிக்க வழி பிறந்தது. எழுதப் போனபோதுதான் வினை வந்தது. ஒரே ஒரு கோப்பைச் சேர்த்தாலும் பல இடங்களில் பதிவு மாற வேண்டும். ஒன்று பிசகினாலும் விண்டோஸ் பக்கம் எல்லாம் குழம்பிவிடும். லினக்ஸ் கருவின் தேர்வுப் பட்டியலில் எழுதும் வசதிக்குப் பக்கத்தில் ‘ஆபத்து’ என்று பெரிய எழுத்தில் எச்சரிக்கையே போட்டுவிட்டார்கள்.

ஒரே கணினியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் நிறுவியவர்கள் குறுக்குவழி தேடினார்கள். வட்டில் ஒரு பகுதியைப் பிரித்துப் பழைய ஃபேட்32 முறையில் வைத்தார்கள். இரு குடித்தனத்துக்கும் பொதுவான திண்ணை போல. ஆனால் ஒரு கோப்பு அங்கே 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வீடியோக்கள் பெருத்தன; திண்ணை போதவில்லை.

2003இல் செக் நாட்டின் யான் கிராடோச்வில் துணிச்சலான வேலை ஒன்றைச் செய்தார். ரகசியத்தை ஊகிப்பதை விட்டுவிட்டு, விண்டோஸின் சொந்த டிரைவரையே லினக்ஸுக்குள் கொண்டுவந்து ஓட வைத்தார்! பத்திரமாக எழுதியது, ஆனால் மிக மெதுவாக. 2004இல் மலேசிய அரசு பொதுத்துறைக்கான திறமூல மென்பொருள் திட்டத்தை அறிவித்தபோதும் இந்தச் சிக்கல் தீர்ந்திருக்கவில்லை.

திருப்பம் ஹங்கேரியிலிருந்து வந்தது. அந்நாட்டின் மிக்லோஷ் செரெடி உருவாக்கிய ஃபியூஸ், 2005இல் லினக்ஸ் கருவில் சேர்ந்தது. கோப்பு முறையைக் கருவுக்கு வெளியே, சாதாரண நிரலாக ஓட்ட அது வழி செய்தது. இன்னொரு ஹங்கேரியரான சபோல்ச் சகாசிச், தன்னார்வலர்கள் பல ஆண்டு சேர்த்த நிரலை அதன்மேல் ஏற்றி, 2006 ஜூலையில் என்.டி.எஃப்.எஸ்-3ஜியைச் சோதனைக்கு விட்டார். 2007 பிப்ரவரியில் நிலையான பதிப்பு வந்தது. கோப்புகள் பிழைத்தன, ஆனால் சில கணினிகளில் தமிழில் பெயரிட்டவை மட்டும் கண்ணில் படவில்லை!

கோப்பு அழியவில்லை, மொழி அமைப்பு சரியாக இல்லாததால் பெயரை மாற்றிக் காட்டத் தெரியவில்லை. பிந்தைய பதிப்புகள் யூ.டி.எஃப்-8ஐ இயல்பாக்கி அதையும் சரிசெய்தன. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உள்ளே இருந்தது. இரட்டை வாழ்க்கை பள்ளிப் பைக்குள் வந்துவிட்டது. மறுவருடமே புதுத் தடை முளைத்தது.

விண்டோஸ் 8, வேகமாக விழிப்பதற்காக முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் படுத்தது. அந்த நிலையில் எழுதினால் கோப்புகள் சிதையும் என்பதால் லினக்ஸ் பக்கம் எழுத மறுத்தது. வேகத் தொடக்கத்தை அணைத்து வைப்பதுதான் மருந்து. 2021இல் பாராகான் நிறுவனம் அளித்த புதிய என்.டி.எஃப்.எஸ். டிரைவர் லினக்ஸ் 5.15 கருவிலேயே சேர்ந்தது.

மலேசியாவின் சிம்பாங் பூலாயில், பால்மரம் வெட்டிய தாத்தாவின் படங்களை ஒரு பேத்தி விண்டோஸில் ஸ்கேன் செய்து ‘தாத்தா தோட்டம்’ என்று பெயரிட்டு வைத்தால், லினக்ஸில் அதே பெயரில் திறந்து, திருத்தி, அங்கேயே சேமிக்கலாம். அவள் சொடுக்கும் அந்தப் பொது வட்டுப் பகுதிக்குத்தான் இத்தனை கதை.