வயசானா அப்படித்தான்: தகடூர் நாட்டில் முதுமை கணக்கிடப்பட்ட வரலாறு

ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி முழங்கால் வலிக்கிறது என்று சொன்னால் பழைய தகடூரான தர்மபுரிப் பக்கத்தில் அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “வயசானா அப்படித்தான் இருக்கும்.” மருமகள் சொல்வாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்வார், சில சமயம் மாத்திரை எழுதித் தருபவரும் சொல்வார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த மூன்று சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இந்த மாவட்டத்தில் அவை ஒரு நோய்க்கு முதுமை என்று பெயர் மாற்றி வைத்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சேலத்திலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலை மலையேறும் இடம் தொப்பூர். கம்பெனி காலத்துப் பதிவேடுகள் பாராமகால் என்று குறிக்கும் மேட்டு நிலத்துக்கும் சேலம் சமவெளிக்கும் இடைப்பட்ட கணவாய் இது. இன்று இந்த ஊரின் பெயர் செய்தித்தாளில் வருவது விபத்துக்காக. 2020 டிசம்பரில் ஒரே லாரி மோதி வரிசையாகப் பத்துக்கு மேற்பட்ட வண்டிகள் நசுங்கிய படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சட்டென்று வரும் சாவு செய்தியாகிறது. முப்பது ஆண்டு எடுத்துக்கொண்டு முதுகெலும்பை இறுக்குவது செய்தியாவதில்லை.

நெல்லி

தொப்பூரிலிருந்து வடக்கே தர்மபுரிக்குப் போகும் வழியில் அதியமான்கோட்டை. தமிழ்நாட்டில் நீண்ட ஆயுளைப் பற்றிய மிகப் பழைய கதைக்கு இந்த நிலமே களம். மலைப்பிளவில் அரிதாகக் கிடைத்த நெல்லிக்கனியை அதியமான் நெடுமான் அஞ்சி, அதன் பயனைச் சொல்லாமல் மறைத்து ஔவையாருக்குக் கொடுத்தான். செய்தி புறநானூற்றின் 91ஆம் பாட்டில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையும் அதைச் சொல்கிறது. பாம்பு காவல் காத்தது, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை காய்த்தது என்பதெல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டவை. அதியமான் மரபு கற்பனையல்ல என்பதற்கு 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு சான்று. பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றும் அந்தப் பாட்டில் உண்டு. கனி கொடுத்தவனை ஔவை வாழ்த்தும்போது எடுத்துக்கொண்ட உவமை நஞ்சுண்டு கழுத்து நீலமான கடவுள். பின்னால் வரப்போகும் தர்மபுரிக் குடிநீர்க் கதையை அறிந்தவர்களுக்கு அந்த உவமையைச் சும்மா கடந்து போவது கடினம்.

ஆயுளைக் கொடுத்தவன் போரில் மாண்டான். அவன் சாவுக்கு ஔவை பாடிய கையறுநிலையும் நமக்குக் கிடைத்திருக்கிறது. தர்மபுரி வட்டாரம் முழுக்க நடுகற்கள். ஆநிரை மீட்கப் போய் விழுந்தவர்களுக்கு நட்டவை பல. படுத்து இறந்த கிழவருக்குக் கல் நட்டதாகக் காண்பது அரிது. வீரயுகம் இளமையில் விழுந்தவனைத்தான் கல்லில் நிறுத்தியது.

ஆனால் அதே புறநானூறு முதுமை எதனால் வருகிறது என்றும் கேட்கிறது. ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே என்று பிசிராந்தையாரைக் கேட்கிறார்கள். அவர் சொல்லும் காரணங்களில் மருந்தும் இல்லை, உணவும் இல்லை. நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாத அரசன், ஊர் நிறையச் சான்றோர். இன்றைய பொதுச் சுகாதாரத்துறை ‘சமூகக் காரணிகள்’ என்று அட்டவணை போடுவதில் பாதி இதில் அடங்கிவிடும். முதுமை உடம்புக்குள்ளிருந்து மட்டும் வருவதில்லை, வீட்டிலிருந்தும் ஆட்சியிலிருந்தும் வருகிறது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல.

ஔவையாருக்கு நேர்ந்தது வேறு. சங்கப் பாடல்களில் விறலியாகப் பேசப்படும் அவர் எப்போது கிழவியானார்? பிற்கால ஔவையாரோடு கலந்து, பிள்ளையாரிடம் முதுமையை வரமாகக் கேட்டு வாங்கிய கதை அவர்மேல் படிந்தது. இளம்பெண்ணாக ஊர் ஊராகப் போக முடியாது, கிழவியாகப் போகலாம். முதுமை பெண்ணுக்கு ஒரு காப்பு என்று மதிப்பதுபோலத் தோன்றும் இந்தக் கதை, அவளை ஆசையும் உடம்பும் இல்லாதவளாக்கிய பிறகுதான் மதிக்கிறது. 1953இல் எஸ். எஸ். வாசன் எடுத்த ‘ஔவையார்’ படத்தில் நடித்தபோது கே. பி. சுந்தராம்பாளுக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. தமிழர் மனத்தில் நிலைத்துவிட்ட பாட்டி உருவம் அவருடையது.

வயது எண்ணாக மாறியது

வயதை எண்ணால் சொல்லும் வழக்கம் இங்கே அரசாங்கத்தோடு வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தொடங்கிய நாளிலிருந்து கணக்கெடுப்பவர்களுக்கு ஒரே தொல்லை: கேட்டால் எல்லோரும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்றே சொல்வார்கள். முப்பத்தேழு என்று சொல்பவர் அபூர்வம். வயதை நினைவில் வைக்க ஊரில் வேறு வழிகள் இருந்தன. தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை, புயல் அடித்த வருஷம் கல்யாணம், எம்.ஜி.ஆர். செத்தபோது கடைசிப் பெண்ணுக்கு ரெண்டு வயசு.

1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சம் வெறும் நாள்காட்டிக் குறியல்ல. தர்மபுரி அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871இல் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை 19 லட்சத்து 66 ஆயிரம். 1881இல் சுமார் 16 லட்சம். பத்தாண்டில் ஊர்கள் பெருக வேண்டியதற்கு மாறாக ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கிறது. பஞ்சத்தில் முதலில் போவது இரு முனைகளிலும் இருப்பவர்கள், குழந்தையும் கிழவரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 25க்கும் கீழே இருந்தது. இதை வைத்து ‘அந்தக் காலத்தில் இருபத்தைந்திலேயே கிழவர்’ என்று மேடையில் பேசுவோர் உண்டு. தவறு. சிறு வயதிலேயே இறந்த குழந்தைகள்தான் சராசரியைப் பெருமளவு கீழே இழுத்தன. ஐந்து வயதைத் தாண்டியவருக்கு அறுபதைப் பார்ப்பது அதிசயமில்லை. தர்மபுரிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2001இல் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு இங்கே 826 பெண் குழந்தைகளே இருந்தனர். பெண் சிசுக்கொலையைத் தடுக்க வந்த தொட்டில் குழந்தைத் திட்டம் இம்மாவட்டத்துக்கு நீட்டிக்கப்பட்டது அதனால்தான். நீண்ட ஆயுளைத் தடுக்கும் காரணிகளில் முதலாவது பெண்ணாகப் பிறப்பதாக இருந்த ஊர்களில், கிழவியாக வாழக் கிடைத்தவள் ஏற்கெனவே ஒரு சல்லடையில் தப்பியவள்.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களின் வயதை முடிவு செய்தவர் பள்ளித் தலைமை ஆசிரியர். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது. பிறந்த நாள் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் விழும். பள்ளிக்கே போகாதவர்களுக்கு அதுவும் இல்லை. வாக்காளர் அட்டைக்கு வந்தவர் முகத்தைப் பார்த்துப் போட்ட எண்ணே ஆதாருக்குப் போய், ஆதாரிலிருந்து ஓய்வூதிய மனுவுக்குப் போனது. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் கடைசி மாவட்டம் தர்மபுரி, 68.5 விழுக்காடு. முகத்தில் சுருக்கம் அதிகமானவளுக்கு அட்டையில் வயது கூடும், பென்ஷன் சீக்கிரம் கிடைக்கும். நெருக்கமான பற்களும் கறுத்த முடியும் உள்ளவள் உண்மையில் அறுபதானாலும் அலைய வேண்டும்.

கிணறு, அடிபம்பு, ஆழ்துளை

1937இல் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் மெடிக்கல் ரிசர்ச்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஷார்ட், மெக்ராபர்ட், பார்னார்டு, மன்னாடி நாயர். சென்னை மாகாணத்தின் வடக்குப் பகுதியில் ஆட்கள் விறைத்த முதுகும் மடங்காத மூட்டுகளுமாக இருப்பதைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, குடிநீரிலுள்ள ஃபுளோரைடு காரணம் என்று இந்தியாவில் முதன்முறையாக நிறுவிய ஆய்வு அது. நோயின் போக்கைக் கவனித்தால் எப்படி ஏமாற்றும் என்பது தெரியும். சின்ன வயதில் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை, வேறொன்றும் இல்லை. முப்பதைத் தாண்டிய பிறகு கைகால் மதமதப்பு, இடுப்புப் பிடிப்பு. பிறகு தசைநார்களில் சுண்ணம் படிந்து முதுகெலும்பு ஒரே கோலாக இறுகும். தரையில் சம்மணமிட முடியாது, திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். இதில் எந்தக் குறியும் முதுமையின் குறியல்ல என்று எட்ட நின்று பார்ப்பவரால் சொல்ல முடியாது. அவ்வளவு நெருங்கிய வேஷம்.

தர்மபுரியின் பாறை கிரானைட்டும் நைஸும். அதில் கிடக்கும் ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மேலோட்டமான கிணறும் ஏரியும் குடிநீராக இருந்தவரை மழைநீர் அதை நீர்க்கச் செய்தது. காலராவையும் நரம்புச் சிலந்தியையும் ஒழிக்க அரசு ஊர்தோறும் அடிபம்பு போட்டது. நல்ல வேலைதான். குழந்தைகள் பிழைத்தன, சராசரி ஆயுள் ஏறியது. ஆனால் பம்பு பாறைக்குள் இறங்கியது. பிறகு விவசாய மோட்டார்கள் நீர்மட்டத்தை இன்னும் கீழே தள்ள, ஆழ்துளைக் கிணறு ஆயிரம் அடி தேடிப் போனது. ஆயுளை நீட்டிய அதே குழாய் மூட்டுகளுக்கு வயது ஏற்றியது. ஆண்டு கூடுவதும் உடம்பு தளர்வதும் தனித்தனிக் கணக்குகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இவ்வளவு பரவலான ஒன்றை ஊர் ஏன் நோயாகப் பார்க்கவில்லை? அதே தண்ணீரைக் குடித்த எல்லோருக்கும் அதே வலி. அம்மாவுக்கும் கூன், பாட்டிக்கும் கூன். ஆகவே அது குடும்ப வாகு, அல்லது வயது. பல் கறையைக் கல்யாணச் சந்தையில் பார்த்தார்கள், மூட்டைப் பார்க்கவில்லை. பயன்பாட்டு மொழியில் ‘கிழம்’ என்ற சொல் விழுந்தவுடன் விசாரணை நின்றுவிடுகிறது.

1969இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் பட்லர், வாஷிங்டனை ஒட்டிய செவி சேஸில் முதியோருக்குக் குடியிருப்பு வருவதை அக்கம்பக்கத்தார் எதிர்த்ததைக் கண்டு, வயதுப் பாகுபாட்டுக்குத் தனிப்பெயர் இட்டார். அங்கே அது முகத்தில் அடித்த மறுப்பு. இங்கே அது பரிவோடு சொல்லும் சமாதானம். பின்னதுதான் அதிகம் தீங்கு செய்கிறது என்பது என் கருத்து, ஏனென்றால் கேட்பவரும் அதை நம்பிவிடுகிறார். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம் முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். அந்த ஆய்வு நடந்த ஓஹையோ மாநிலத்துச் சிற்றூரின் கணக்கை அப்படியே தொப்பூருக்குப் பொருத்த முடியாது. ஆனால் நம்பிக்கை உடம்பில் இறங்கும் என்பதற்கு அது ஒரு சான்று.

தீர்வு தண்ணீரிலேயே வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் நிறைவேறி, 2013 மே 29 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஒரு நோய் இடம்பெற்றது அரசாங்கம் காலந்தாழ்த்திச் செய்த ஒப்புதல். இதற்கிடையே ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002இல் வெளியிட்ட ஆய்வில், புளி சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறுவதைக் காட்டினர். கால்சியமும் வைட்டமின் சியும் பாதிப்பைத் தணிக்கும் என்பதும் ஏற்கப்பட்டதே. தர்மபுரி புளிக்கும் கேழ்வரகுக்கும் பேர்போன ஊர், நெல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதற்காக அதியமான் தந்த கனி ஃபுளோரைடு மருந்து என்று யாரும் துண்டறிக்கை அடித்துவிட வேண்டாம். எலும்பில் ஏறியது எளிதில் இறங்காது.

அறுபது என்ற கோடு

முதியோர் ஓய்வூதியம் சென்னை மாநிலத்தில் 1962 ஏப்ரலில் தொடங்கியது. ஆதரவற்றவர் என்று நிரூபித்தால்தான் கிடைக்கும். மத்திய அரசு 1995 ஆகஸ்ட் 15இல் மாதம் 75 ரூபாயோடு வந்து சேர்ந்தது. தகுதி வயது 65ஆக இருந்தது 2011இல் 60ஆனது. மாநிலம் 2011இல் 1,000 ரூபாயாகவும் 2023இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது. இதில் 60 முதல் 79 வயதுவரை உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 2007இல் இருந்த அதே 200 ரூபாய்.

அரசு ஊழியருக்கு 2021இல் ஓய்வு வயது 60 ஆனது. அவருக்கு அறுபது என்றால் வேலை முடிந்தது. புளி தட்டிக் கொட்டை எடுக்கும் ஆயாவுக்கு அறுபதில் எதுவும் முடிவதில்லை, நூறு நாள் வேலைக்கும் மண்சட்டி தூக்கப் போகிறார். ஓய்வூதியம் வாங்கக் கருவியில் விரல் வைத்தால் ரேகை பதியாது. புளியும் மண்ணும் தேய்த்துவிட்டன. விரலைப் புடவையில் துடைத்து மறுபடி வைப்பார், கட்டை விரல் போய் ஆள்காட்டி விரல் வரும். உழைத்ததற்கான அடையாளமே அவர் அவர்தான் என்பதை மறுத்துவிடும்.

மருத்துவத்தில் தமிழ்நாடு முந்தியது. முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது, அதற்கு வழி வகுத்தவர் டாக்டர் வி. எஸ். நடராசன். வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதோ பழைய தர்மபுரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில். 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிறுவன வளாகத்தில் தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். 1937ஆம் ஆண்டுக் கட்டுரை எழுதிய ஷார்ட் பணியாற்றிய இடமும் அந்த கிங் நிறுவனம்தான். வளாகத்தில் அதைக் குறிக்கும் பலகை ஒன்று வைக்கலாம்.

தமிழ்நாட்டில் 2011இல் 60 வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031இல் பதினெட்டுப் பேர் ஆவார்கள் என்பது அரசின் மதிப்பீடு. வீடு தேடி வரும் செவிலியர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், வயதைக் கேட்டு எழுதிக்கொள்கிறார். தர்மபுரியில் மட்டுமாவது அந்தப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 2013க்கு முன் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?

ஒகேனக்கல் தண்ணீர் வந்த ஆண்டில் பிறந்த குழந்தை அறுபதைத் தொடுவது 2073இல்.